நாளைக்குக் கரண்ட் போகாது

எனக்கு நல்ல போன் குரல் என்று எல்லோரும் சொல்வார்கள். நேரில் பார்த்தால் விசேஷமாக ஒன்றுமில்லை. நெற்றி பாதித் தலைவரை ஏறிவிட்ட, புகைப்படங்களில் ஓரமாக நிற்கிற ஆள். போனில் மட்டும் நான் வேறு மனிதன். அவசரப்பட மாட்டேன், குரலை உயர்த்த மாட்டேன். தலையில் கைவைத்து ஜெபித்த மாதிரி இருக்கிறது என்று எடிசன் என்ற ஊரில் இருக்கும் செல்வராஜ் அங்கிள் சொல்வார். அலுவலகத்திலும் அந்தக் குரலுக்காகத்தான் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

போன மாதம் அரசாங்க வக்கீல்கள் ஹூஸ்டனுக்கு வந்து என்னை விசாரித்தார்கள். பக்கத்தில் கம்பெனி வக்கீல் இருந்தார். மரியாதையாகத்தான் நடத்தினார்கள், காபி கொடுத்தார்கள். கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். அவர்கள் கேட்காத ஒன்று மிச்சமிருக்கிறது. அது தமிழில் நடந்தது. ஆகவே தமிழில் சொல்கிறேன்.

என் பெயர் ரூஃபஸ். பாளையங்கோட்டைக்காரன். 1990-இல் மேற்படிப்புக்காக சான் பிரான்சிஸ்கோவில் வந்து இறங்கியபோது என்னைக் கூட்டிப்போக ஏர்போர்ட்டுக்கு வந்தவர் ஜெர்ரி. அதற்கு முன் என்னைப் பார்த்ததுகூட இல்லை. ஊர்ச் சபையில் யாரோ அவருக்கு போன் போட்டு ஒரு பையன் வருகிறான் என்று சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். ஃப்ரீமான்ட்டில் ஒரு மால் பார்க்கிங்கில் எனக்கு டிரைவிங் சொல்லிக்கொடுத்தார். நான் பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து அவருடைய காரை விளக்குக் கம்பத்தில் முட்டினேன். இறங்கிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, கம்பத்துக்கு ஒண்ணும் ஆகல" என்று சிரித்தார். பிறகு தன் தங்கை ஜெபினாவையே எனக்குக் கட்டிக்கொடுத்தார். அன்று முதல் அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்பிள்ளை.

வேலை கிடைத்து நானும் ஜெபினாவும் டெக்சஸுக்கு வந்து, ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் வீடு வாங்கினோம். ஜெர்ரியும் அவர் மனைவி அமலியும் ஃப்ரீமான்ட்டிலேயே இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் மட்டும் எல்லோரும் ஒன்றாக இருந்தோம். அமெரிக்காவில் அங்கங்கே கிடக்கிற எங்கள் ஊர்க் குடும்பங்கள் ஒரே போன் லைனில் சேர்ந்து ஜெபிப்பது வழக்கம். எடிசனில் சாப்பாடு முடிந்திருக்கும், எங்கள் வீட்டில் தட்டு கழுவிக்கொண்டிருப்போம், ஃப்ரீமான்ட்டில் இன்னும் வெயில் இருக்கும். ஒருவர் பாட்டு எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் கொஞ்சம் முந்தியும் பிந்தியும் பாடுவார்கள். அந்தக் குழப்பத்தை முடித்துவைத்து நிதானமாக ஜெபிக்க ஒரு குரல் வேண்டும். அது என்னுடையது.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனி மின்சாரம் விற்றது. கலிஃபோர்னியாவில் சில மின்நிலையங்கள் எங்கள் கையில் இருந்தன. எது எப்போது எவ்வளவு ஓட வேண்டும் என்று ஹூஸ்டனில் உட்கார்ந்துகொண்டு போனில் சொல்வது என் வேலை. ஐந்து மாடு வைத்திருப்பவன் ஒரு மாட்டைக் கறக்காமல் கட்டிப்போட்டால் ஊரில் பால் தட்டுப்படும். மிச்ச நாலு மாட்டுப் பாலுக்கு அவன் வைத்ததுதான் விலை. இது பள்ளிக்கூடப் பையனுக்கும் புரியும். கலிஃபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவில் சட்டம் போட்டவர்களுக்கு மட்டும் புரியவில்லை. இரண்டு கட்சிக்காரர்களும் சேர்ந்து கைதூக்கிய சட்டம் அது. போட்டி வந்தால் விலை குறையும் என்று மேஜையைத் தட்டி நிறைவேற்றினார்கள். மாட்டைக் கட்டிப்போட்டால் என்ன தண்டனை என்று எழுத மறந்துவிட்டார்கள். விலை ஏறியபின் வாஷிங்டனுக்கு ஓடினார்கள். அங்கே இருந்தவர்கள் சந்தை தானே சரியாகிவிடும் என்றார்கள். வேலியாக இருக்க வேண்டியவர்கள் விலகி நின்று பயிரை வேடிக்கை பார்த்தார்கள்.

ஒருமுறை பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் எங்கள் அலுவலகத் தளத்தைப் பார்க்க வந்தார். அன்று எல்லோரும் டை கட்டியிருந்தோம். என் கையைக் குலுக்கி, உங்களைப் போன்ற உழைப்பாளிகள்தான் இந்த நாட்டின் எதிர்காலம் என்றார். அதை நான் ஊருக்கு போன் பண்ணி அப்பாவிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் கூசுகிறது. அன்று கூசவில்லை.

முதல் தடவை என்னை அப்படி ஒரு மாட்டைக் கட்டிப்போடச் சொன்னது என் மேலதிகாரி டக். கெட்ட மனிதர் இல்லை. மகனுடைய பேஸ்பால் ஆட்டத்துக்கு ஒருநாளும் தவறாமல் போகிறவர். பாலைவனத்துப் பக்கம் இருக்கிற நிலையத்தை நாளைக்கு நிறுத்த முடியுமா என்று கேட்டுப் பார், ஏதாவது ரிப்பேர் இருக்குமே என்றார். அங்கே பொறுப்பில் இருந்தவர் வால்ட் என்ற கிழவர். நான் அவருக்கு போன் போட்டு, உடம்பு எப்படி இருக்கிறது, மழை பெய்ததா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, உங்கள் பாய்லருக்கும் வயதாகிறது, ஒருநாள் ஓய்வு கொடுத்துப் பார்த்தால் என்ன என்றேன்.  காரணம் என்னவென்று போடுவது என்று கேட்டார். அது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்றேன். நன்றி சொல்லி வைத்தேன். திட்டவில்லை, மிரட்டவில்லை, பொய்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு தோசை கூடவே சாப்பிட்டேன்.

ஜெர்ரிக்கு நுரையீரல் நோய் வந்தது அதற்கு முந்தின வருஷம். நார் மாதிரி இறுகிப்போய்க் காற்றை வாங்காமல் போகிற நோய். மாற்று நுரையீரலுக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். அது வரும்வரை ஆளை மூச்சோடு வைத்திருக்க வேண்டும். அதுதான் அந்த வீட்டின் ஒரே வேலையாக இருந்தது. படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு மெஷின், கரண்ட்டில் ஓடுவது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். அதற்காக மூலையில் இரண்டு சிலிண்டர் வைத்திருந்தார்கள். அமலி மில்பீட்டஸில் சர்க்யூட் போர்டு பொருத்தும் ஒரு சிறு தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். இன்சூரன்ஸ் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதனால் வேலையை விட முடியாது. பகலில் ஜெர்ரி தனியாகத்தான் இருப்பார்.

2001 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் முறைவைத்துக் கரண்ட்டை நிறுத்தத் தொடங்கினார்கள். பேட்டை பேட்டையாக, இங்கே கொஞ்ச நேரம், அங்கே கொஞ்ச நேரம். அமெரிக்காவிலா என்று ஊரிலிருந்து போன் பண்ணிச் சிரித்தார்கள். எங்கள் ஊரில் கரண்ட் போனால் பனைவிசிறியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவோம். இங்கே சிக்னல் நின்று, லிஃப்ட் நின்று, தக்காளி டப்பா அடைக்கும் ஆலை நின்று, ஆட்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த நாட்களில் ஒன்றின் முந்தின நாள் நான் ஜெர்ரிக்கு போன் செய்தேன். மச்சான், நாளைக்கு சிலிண்டரைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் அவர்கள் தெருவில் கரண்ட் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை லைனில் அமலி அழுதுகொண்டே சாட்சி சொன்னாள்.

"கர்த்தர் ரூஃபஸ் அண்ணனுக்கு முன்னாடியே காமிச்சு குடுத்துட்டாரு. இல்லன்னா அன்னைக்கு எங்க வீட்ல என்ன ஆயிருக்கும்னு தெரியாது."

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று எடிசனிலிருந்தும் டல்லஸிலிருந்தும் குரல்கள் எழுந்தன. நான் அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆபீஸில் இருப்பதால் தெரிந்தது என்று சொன்னால் முடிந்தது. ஆனால் அடுத்த கேள்வி வரும். ஆபீஸில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? ஆகவே நானும் ஸ்தோத்திரம் என்றேன்.

இரண்டாவது தடவையும் சொன்னேன், அதுவும் பலித்தது. பலிக்காமல் எங்கே போகும்? வால்ட்டிடம் பேசிவிட்டு வந்துதான் அவர்களிடம் பேசினேன். அதற்குப் பிறகு சான் ஹோசேயிலும் சன்னிவேலிலும் இருந்த மற்றக் குடும்பங்களும் கேட்க ஆரம்பித்தன. வீட்டில் பிரசவத்துக்கு நாள் குறித்தவர்கள், ஃப்ரிட்ஜில் இன்சுலின் வைத்திருப்பவர்கள். செல்வராஜ் அங்கிள் எனக்கு தீர்க்கதரிசன வரம் இருக்கிறது, அதை அணைத்துவிடக் கூடாது என்றார். நான் ஒருநாளும் கர்த்தர் சொன்னார் என்று சொன்னதில்லை. அதில் கவனமாக இருந்தேன். "மனசுல ஒரு பாரம் இருக்கு" என்று மட்டும் சொல்வேன். எங்கள் ஜனங்களுக்கு அது போதும், கர்த்தர் வைத்த பாரம் என்று எடுத்துக்கொள்வார்கள். பாரம் இருந்ததும் உண்மை. பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்கள். நான் ஆட்டியது மட்டும்தான் அவர்கள் கண்ணில் பட்டது.

ஒருவர்கூட என்னைச் சந்தேகிக்கவில்லை, ஜெபினாவைத் தவிர. ஒரு காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கட்டிக்கொண்டே, நிஜமாகவே உங்களுக்குத் தரிசனம் வருகிறதா என்று கேட்டாள். மார்க்கெட்டைப் பார்த்தால் தெரியும் என்றேன்.

"அப்ப அதையே லைன்ல சொல்லிருங்க. எதுக்கு ஜனங்க வேற மாதிரி நெனைக்கணும்?"

"அவங்க விசுவாசத்த நான் ஏன் கெடுக்கணும்?" என்றேன்.

அவள் டப்பாவை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது என்று அப்போது நினைத்தேன். அவளுக்குப் பயமாக இருந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த மூன்று மாதம் எனக்கு சந்தோஷமாக இருந்தது. அலுவலகத்தில் டக் என் தோளில் தட்டுவார். ஞாயிற்றுக்கிழமை லைனில் நான் தொண்டையைச் செருமினால் பத்துப் பதினைந்து வீடு அமைதியாகும். ஊரில் நான் தமையன்மார் நிழலில் வளர்ந்தவன். சபையில் வேதம் வாசிக்கக்கூட என்னைக் கூப்பிட்டதில்லை. இங்கே ஒரு மாகாணத்தின் விளக்கை அணைப்பதிலும் எனக்குக் கையிருந்தது, எப்போது அணையும் என்று சொல்வதிலும் என் வாய்தான் இருந்தது. அது என்னைக் கூசவைக்கவில்லை, குளிரவைத்தது.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜெர்ரிக்கு நல்ல செய்தி வந்திருந்தது. மாற்று நுரையீரல் வரிசையில் அவர் பெயர் மேலே வந்துவிட்டது, எந்த நேரமும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரலாம். லைனில் எல்லோரும் அழுது ஜெபித்தோம். ஜெர்ரிக்குப் பேச மூச்சுப் போதாது. இருந்தும் கடைசியில், மாப்பிள்ளை ஜெபம் மட்டும் கொஞ்சம் சுருக்கமாக இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று கேலி செய்தார். எல்லோரும் விடைபெற்றுப் போனபின் லைனில் நானும் அமலியும் மட்டும் இருந்தோம். அமலி என்னிடம் ஒரு விஷயம் கேட்டாள். மறுநாளுக்கு என் மேஜையில் எந்தத் திட்டமும் இல்லை, எல்லா நிலையங்களும் ஓட வேண்டும் என்றுதான் வெள்ளிக்கிழமை சொல்லியிருந்தார்கள். அதனால் பாரம் கீரம் என்று இழுக்காமல் நேராகவே சொன்னேன்.

"நாளைக்குக் கரண்ட் போகாது அமலி. சமாதானமா இருங்க."

திங்கட்கிழமை காலை டக் என் மேஜைக்கு வந்தார். வேறு ஏதோ கம்பெனியின் நிலையம் ஒன்று நிஜமாகவே பழுதாகி நின்றுவிட்டதாம். இப்போது நம்முடையதும் நின்றால் விலை எங்கே போகும் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். மாட்டேன் என்றால் வேலை போய்விடும் என்று யாராவது நினைத்தால் அது தவறு. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த ஒரு பெண் மாட்டேன் என்றிருக்கிறாள். அவளை வேறு மேஜைக்கு மாற்றினார்கள். இன்னும் சின்னதாக ஒரு மேஜை, ஜன்னல் கிடையாது, அவ்வளவுதான்.

வால்ட்டுக்கு போன் செய்தேன். அன்று அவர் எதிர்த்தார். பாய்லர் சோம்பல் இல்லாமல் ஓடுகிறது, வடக்கே ஏற்கெனவே தட்டுப்பாடு, இதையும் நிறுத்தினால் அங்கே இருட்டாகும் என்றார். எல்லா பாய்லருக்கும் ஒருநாள் கோளாறு வரும் வால்ட், அது இன்றைக்கு வந்ததாக இருக்கட்டும் என்றேன். விசாரணையில் அந்த டேப்பைப் போட்டுக் காட்டினார்கள். எங்கள் அலுவலக போன் எல்லாமே பதிவாகும். என் குரல் டேப்பிலும் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஃப்ரீமான்ட்டுக்கு போன் செய்ய எனக்கு நேரம் இருந்தது. கலிஃபோர்னியாவில் அப்போதுதான் விடிந்திருந்தது. அமலி வேலைக்குக் கிளம்பியிருக்க மாட்டாள். அலுவலக போன் பதிவாகும் என்பதால் செல்போனை எடுத்துக்கொண்டு கீழே தெருவுக்கு இறங்கினேன். பார்க்கிங் கட்டடத்தின் நிழலில் நின்று நம்பரையும் அழுத்தினேன். மணி அடிப்பதற்குள் கட் பண்ணினேன்.

காரணம் கேட்டால் வெட்கமாக இருக்கிறது. போலீஸுக்குப் பயந்தோ டக்குக்குப் பயந்தோ இல்லை. ஜெர்ரி என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். "என்ன மாப்ள, கர்த்தர் ராத்திரியோட ராத்திரியா பிளான மாத்திட்டாரா?" என்று கேட்டிருப்பார், சிரித்திருப்பார், சிரிப்பு இருமலாகியிருக்கும். வேறொன்றும் ஆகியிருக்காது. அந்த ஒரு சிரிப்பைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. முறைவைத்து நிறுத்தும்போது அவர்கள் தெரு வராமலே போகலாம், வந்தாலும் கொஞ்ச நேரம்தான், கணக்கு நம் பக்கம்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். இறங்கியது வீணாக வேண்டாம் என்று ஒரு சாண்ட்விச் வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

மத்தியானம் திரையில் செய்தி வந்தது. வடக்கே கரண்ட்டை நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். தளத்தில் யாரோ கைதட்டினார்கள். விலை ஏறியது.

வேலை முடிந்து வந்த அமலிதான் அவரைப் பார்த்தாள். ஜெர்ரி கராஜில் படியில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்திருந்தார். கையில் கார்ட்லெஸ் போன். கரண்ட் இல்லாவிட்டால் அந்த போனும் வேலை செய்யாது என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கராஜுக்கு வந்திருக்கிறார். கராஜ் கதவும் கரண்ட்டில் திறப்பது. கையால் தூக்க ஒரு கயிறு இருக்கிறது. இழுத்திருக்கிறார், கதவைத் தூக்க மூச்சில்லை. அமலி வரும்போது கரண்ட் எப்போதோ வந்துவிட்டிருந்தது. படுக்கையறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததாம், குழாய் தரையில் கிடக்க.

வீட்டில் சிலிண்டர் ஒன்றுகூட இல்லை. காலையில் சப்ளை கம்பெனி வேன் வந்து இரண்டையும் மாற்றிக் கொண்டுவர எடுத்துப்போயிருந்தது.

அடக்க ஆராதனையில் நான்தான் ஜெபித்தேன். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்? எடிசனிலிருந்து செல்வராஜ் அங்கிள் பிளைட் பிடித்து வந்திருந்தார். கர்த்தருடைய நேரம் நமக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போதுகூட என் குரல் நடுங்கவில்லை. கல்லறையிலிருந்து திரும்பும்போது காரில் ஜெபினா கேட்டாள்.

"அன்னைக்கு மார்க்கெட்ட பாத்து உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியல" என்றேன். "சிலிண்டர் வீட்ல இல்லங்கிறதும் எனக்கு எப்படித் தெரியும்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. சாப்பாடு போடுகிறாள், துணி மடிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை லைன் தொடங்கும்போது மட்டும் எழுந்து கார் எடுத்துக்கொண்டு எங்கோ போய்விடுகிறாள்.

அந்த வருஷம் மற்றவையெல்லாம் ஒவ்வொன்றாக விழுந்தன. கரண்ட் விலை தாங்காமல் அமலி வேலை பார்த்த தொழிற்சாலை மூடிக்கொண்டது; மெஷின்களை லாரியில் ஏற்றி மெக்சிகோவுக்குக் கொண்டுபோனார்கள். கோடையில் வாஷிங்டன்காரர்கள் ஒருவழியாக விலைக்கு வரம்பு வைத்தார்கள். வைத்த உடனே, எல்லா பாய்லரும் ஒரே வாரத்தில் குணமாகிவிட்டன. அந்த டிசம்பரில் எங்கள் கம்பெனியே கவிழ்ந்தது. மேலே இருந்தவர்கள் முன்பே கரையேறிவிட்டார்கள். டக் தன் மேஜைச் சாமான்களை ஒரு பெட்டியில் போட்டு, மகனுடைய பேஸ்பால் படத்தை மேலே வைத்துக்கொண்டு நடைபாதையில் நின்றிருந்தார். நானும் ஒரு பெட்டியோடு நின்றேன். தப்பு எங்கே நடந்தது என்று அவர் உண்மையாகவே கேட்டார். நாட்டைக் கெடுத்தவர்கள் சாக்ரமென்டோவில் இருக்கிறார்கள், வாஷிங்டனில் இருக்கிறார்கள், எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தார்கள் என்று நான் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் யாருக்கும் ஜெர்ரி வீட்டு நம்பர் தெரியாது.

விசாரணையில் ஒரு பெண் வக்கீல் கடைசியாக ஒன்று கேட்டாள். அன்று நிலையத்தை நிறுத்தச் சொன்னபோது, அதனால் குறிப்பாக யாருக்காவது தீங்கு வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? பொதுவாக அல்ல, குறிப்பாக. இல்லை என்றேன். அவள் குறித்துக்கொண்டாள். கம்பெனி வக்கீல் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை லைனில் அமலி என்னிடம் கேட்டது இதுதான்.

"அண்ணே, சிலிண்டர்காரன் நாளைக்குக் காலைல வந்து ரெண்டையும் எடுத்துட்டுப் போயி சாயங்காலந்தான் புதுசு கொண்டாருவானாம். பகல்ல ஒண்ணுமே இருக்காது. குடுத்து விடலாமா, இல்ல ஒண்ண நிறுத்தி வச்சுக்கவா? உங்களுக்கு ஏதாச்சும் தோணுதா?"

அந்தக் கேள்விக்குத்தான் நான் நாளைக்குக் கரண்ட் போகாது என்றேன். திங்கட்கிழமை காலை வால்ட்டிடம் பேசியபோது அந்த வீட்டில் சிலிண்டர் இருக்காது என்று எனக்குத் தெரியும். தெருவில் நின்று நம்பரை அழுத்தியபோது தெரியும். சாண்ட்விச் வாங்கும்போதும் தெரியும்.

அமலி இதை யாரிடமும் சொல்லவில்லை. ஜெபினாவிடம்கூட. அடக்கம் முடிந்து நாங்கள் ஹூஸ்டனுக்குக் கிளம்பும்போது என்னைக் கராஜ் பக்கம் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நீங்க சொன்னதுக்கப்புறமும் எனக்கு மனசு கேக்கல அண்ணே. ஒண்ண வச்சுக்கலாம்னேன். அவருதான், மாப்ள சொல்லிட்டான்ல, அப்புறம் என்னன்னாரு. நான் விசுவாசம் இல்லாம நெனச்சதுனாலதான் இப்படி ஆயிருச்சோன்னு இருக்கு. நான் உங்கள்ட்ட கேட்டது யாருக்கும் தெரிய வேண்டாம். உங்க ஊழியத்துக்குக் கெட்ட பேரு வந்துரும்."

நான் அவள் தலையில் கைவைத்து ஜெபித்தேன்.

இப்போது வேலையும் இல்லாமல் அவள் ஃப்ரீமான்ட்டில் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் லைனுக்கு வருகிறாள், தன்னை மன்னிக்கும்படி ஜெபிக்கச் சொல்கிறாள், நானும் ஜெபிக்கிறேன். நான் கல் இல்லை. அவளிடம் எல்லாவற்றையும் சொல்லத்தான் போகிறேன். என் மனதில் அதற்கான பாரம் இன்னும் கொடுக்கப்படவில்லை. கொடுக்கப்பட்ட அன்றே போன் செய்வேன்.